மெட்டி கழற்றிய கால்

என் கால் பழுதாகிவிட்டது என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் என் கணவர்தான். வைத்தியம் தெரிந்து அல்ல. ஒரு நாள் காலையில் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு அவர் பாட்டுக்கு நடையைக் கட்டினார். நான் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

அவருக்கு ஞாபகம் தப்பிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தாடிக்கொம்பு ரோட்டில் உரக்கடை வைத்திருந்தவர். எந்த ஊர்க்காரர் எந்தத் தோட்டத்துக்கு என்ன மருந்து வாங்கிப் போனார் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்வார். முதலில் அந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் போயின. பிறகு கடை போயிற்று. கடைசியில் நான் போனேன். இப்போது என்னை ‘டீச்சர்’ என்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நாகல் நகரில் எங்கள் தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடும். தெருவில் கேட்டதை அவரும் பிடித்துக்கொண்டார்.

சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருக்கிறார். ஹாலிலிருந்து எழுந்து படுக்கை அறைக்குப் போவதற்குக்கூட, “அப்ப நான் போயிட்டு வாரேன் டீச்சர்” என்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார். “வாங்க” என்று நானும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில் என்னை ‘இந்தா’ என்று கூப்பிட்டவர் இவர். எல்லாம் போன பிறகு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அன்றைக்குக் கேட்டைத் திறந்துபோனவர் விறுவிறுவென்று நடந்தார். அவருக்குக் கால் இரண்டும் இரும்பு. தெருமுனை வரைக்கும் நானும் விடாமல் போனேன். அதற்கு மேல் வலது கெண்டைக்காலை உள்ளே இருந்து யாரோ துணி பிழிவதுபோல முறுக்கினார்கள். ஓர் எட்டு வைக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பாத்திரக்கடையின் முன்னால் நின்றுவிட்டேன். “வாங்க டீச்சர், என்ன பாக்குறீக?” என்று கடைக்காரர் எழுந்து வந்தார். கூச்சப்பட்டுக்கொண்டு, “இட்லிச் சட்டி” என்றேன்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கடை முன்னால் நான் நின்றது முதல் தடவை இல்லை. பல மாதங்களாகவே இப்படித்தான். கொஞ்ச தூரம் நடந்தால் கால் பிடிக்கும், செத்த நேரம் நின்றால் விட்டுவிடும், மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். தெருவில் சும்மா நிற்க வெட்கமாக இருக்கும். அதனால் கடைகளைப் பார்ப்பதுபோல நிற்பேன். நின்ற பாவத்துக்கு எதையாவது வாங்குவேன். வீட்டில் சல்லடை மட்டும் மூன்று சேர்ந்துவிட்டது. வயசாகிவிட்டது, தைலம் தேய்த்தால் போகும் என்று இருந்தேன். இட்லிச் சட்டி என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தபோது கண்ணுக்கு முன்னால் அவருடைய வெள்ளைச் சட்டை கூட்டத்துக்குள் போய் மறைந்தது. கையெட்டும் தூரத்தில் போனவரைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

மணிக்கூண்டையும் தாண்டிப் போனவரைத் தெரிந்த ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். “டீச்சர், சாரு பழனி வரைக்கும் நடந்திருப்பாரு” என்று சிரித்தார். எங்கள் திண்டுக்கல்லில் பூட்டுக்குப் பஞ்சமா? சாயங்காலமே பெரியதாக ஒன்று வாங்கிக் கேட்டில் போட்டேன். மறுநாள் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் திண்டுக்கல்லிலேயே இருப்பவர், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தார். கையையும் காலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “கையில ஓடுற ரத்தத்துல பாதிகூட காலுக்குப் போகலம்மா” என்றார். சுகர் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, மதுரையில் போய்ப் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் வைக்க வேண்டும், விட்டுவைத்தால் கால் கறுத்துவிடும் என்றார். கறுத்தால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கால் போனால் எனக்குக் கால் மட்டும் போவதாக இருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். மூலையில் உட்கார்ந்து காலத்தைத் தள்ளலாம். ஆனால் அவரைக் குளிப்பாட்டுவது யார்? கேட்டைத் திறந்துகொண்டு போனால் பின்னால் ஓடுவது யார்? எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு புத்தியும் இரண்டு நல்ல கால்களும்தான் இருந்தன. புத்தி என்னிடமும் கால் அவரிடமுமாகப் பிரிந்து கிடந்தன. என் கால் எனக்கு வேண்டும். அதற்காக எதையும் கொடுப்பேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவரைப் பார்த்துக்கொள்ள வத்தலக்குண்டிலிருந்து நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை. முழங்கால் தேய்ந்தவள், புருஷனை இழந்தவள், மகன் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய மகன் என்னை மதுரையில் சேர்த்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். “கூட யாரும்மா இருக்காங்க?” என்று நர்ஸ் கேட்டபோது பையைக் காட்டினேன்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். மெட்டி வரவில்லை. மூன்று சுற்று மெட்டி, கனமான வெள்ளி, போட்ட நாளிலிருந்து கழற்றியதே இல்லை. நர்ஸ் சோப்பு போட்டு, நூல் சுற்றி, என் விரலோடு மல்லுக்கட்டிக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் விரலைச் சுற்றித் தோல் வெளுத்துப் பள்ளமாக இருந்தது. தாலியையும் மெட்டியையும் கைக்குட்டை முனையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டேன். தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, குழாய் விட்டு, அடைப்பை விரித்தார்கள். விழித்துக்கொண்டுதான் இருந்தேன். “ரத்தம் போகுது பாருங்கம்மா” என்று திரையைக் காட்டினார்கள். வறண்ட வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டது போலக் கறுப்புக் கோடு கீழே இறங்கிப் போனது. பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து இறங்கிய உடனே நாத்தனாரின் கண் என் காலுக்குத்தான் போனது.

“என்ன மதினி இது, மொட்டைக் கால வச்சுக்கிட்டு வந்து நிக்கிறீக? அண்ணே உசுரோட இருக்கயில!”

“ஆஸ்பத்திரியில கழட்டச் சொன்னாங்க.”

“அங்க கழட்டுனா இங்க போடணும்ல? அதக் கழட்டுறப்ப எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும் மதினி. உங்களுக்குத் தெரிய வேணாம்.”

இப்படிச் சொன்ன பிறகு வாயாடவா முடியும்? அவளே போய் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் காலடியில் சின்ன மணையில் உட்காரவைத்தாள். மெட்டியை அவர் கையில் கொடுத்தாள். “இத யாருக்கும்மா போடணும்?” என்று கேட்டார். “உங்க பொண்டாட்டிக்குண்ணே” என்றாள். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வியாதி வந்ததிலிருந்து தரையைப் பார்த்தபடிதான் இருப்பார், தடுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயம். என் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். இரண்டு காலிலும் கோணாமல் குத்தாமல் பதமாகத் திருகிப் போட்டார். கையில் மறதி இல்லை. போட்டு முடித்ததும் எழுந்து, “அப்ப நான் போயிட்டு வாரேன்” என்று கும்பிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? இந்த மனிதர் என்னைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நான் அவரைத் தொடுவேன், குளிப்பாட்டுவேன், சட்டை மாட்டுவேன். அவராகக் கையை நீட்டி என் உடம்பைத் தொட்டது அன்றைக்குத்தான்.

நாத்தனார் ஒரு வாரம் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். அதற்குள் கால் வீங்கத் தொடங்கியது. பட்டினி கிடந்த காலுக்குத் திடீரென்று ரத்தம் வந்தால் வீங்கத்தான் செய்யும், நல்ல அறிகுறிதான், படுக்கும்போது தலையணை வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் வீக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். சுகர்க்காரி என்பதால் தினமும் காலைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியைத் தரையில் வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு என்று வரிசையாகப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் சாக்ஸ் போட்டுக்கொள்வேன். அடைப்பு இருந்த காலத்தில் எப்போதும் சில்லிட்டுக் கிடந்த கால், அந்தப் பழக்கம் விடவில்லை.

இனிமேல் என் படிப்பெல்லாம் ரத்த ரிப்போர்ட்தான் என்றாகிவிட்டது. தெருக்கோடியில் ஒரு லேப். காலையில் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினால் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் முடிவு வந்துவிடும். ஆயுள் முழுக்க மார்க் போட்டவள், இப்போது எனக்கு மார்க் வருகிறது. வெறும் வயிற்றுச் சுகர் என்பது திடீர்த் தேர்வு. முதல் நாள் ராத்திரி வாயைக் கட்டிவிட்டு ஏமாற்றலாம். மூன்று மாதச் சராசரி ஒன்று பார்க்கிறார்களே, அது காலாண்டுத் தேர்வு. அதில் ஒரு பாச்சாவும் பலிக்காது. கொழுப்பு ஒரு பாடம். ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்பது ஒரு பாடம். எல்லாவற்றிலும் குறைவாக வாங்கினால்தான் பாஸ் என்பதுதான் விநோதம். கூடப் போனால் எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்புவார்கள். நான் நல்ல பிள்ளைகளுக்குத்தான் நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

எல்லாப் பாடத்திலும் நான் தேறிவந்தேன். ஒன்றில் மட்டும் கவிழ்ந்தேன். சி.ஆர்.பி. என்று ஒரு கணக்கு. ஸ்டென்ட் வைத்த புதிதில் அது ஏறியிருந்தது. ஏறத்தான் செய்யும், புண்பட்ட இடம் ஆற ஆறத் தானாக இறங்கிவிடும் என்றார் டாக்டர். சொன்னபடியே இறங்கியது. பிறகு யாரும் எதிர்பாராமல் மறுபடி ஏறத் தொடங்கியது. அடுத்த முறை இன்னும் ஏறியது.

“இது என்னத்துக்கு டாக்டர் ஏறுது?”

“உடம்புல எங்கயோ அழற்சி இருக்குன்னு அர்த்தம்மா. பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சா மணி அடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. மணி அடிக்கும். எந்த கிளாஸ்ல தீன்னு சொல்லாது.”

ரொம்ப நாள் இப்படியே இருந்தால் விரித்த குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளக்கூடும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த வகுப்பில் தீ என்று தேடக் கிளம்பினேன். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தம். மூத்திரம் பார்த்தார்கள், சுத்தம். தொடையிடுக்கில் குழாய் விட்ட இடம் தழும்பு தெரியாமல் ஆறியிருந்தது. பல்லாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒன்று உண்டு. அதைப் பிடுங்கினார்கள். தப்புச் செய்யாத பிள்ளையை வெளியே நிறுத்திய கதைதான், மணி நிற்கவில்லை.

இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் போகும்போது அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று முதலில் காதை வைத்துக் கேட்பேன். அவர் பெரும்பாலும் ஹாலில் அதே நாற்காலியில் இருப்பார். மொசைக் தரையில் சாக்ஸையும் மீறி என் மெட்டி டக் டக்கென்று விழுகிற சத்தம் கேட்டால் முகம் தெளியும். “வந்துட்டீங்களா டீச்சர்?” என்பார். யார் வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வர வேண்டியவர் வந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசியில் டாக்டரே பொறுமை இழந்தார். வழக்கமாக என் சாக்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, கணுக்கால் பக்கம் விரலை வைத்து நாடி துடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நாடி நன்றாகத்தான் துடித்தது. அன்றைக்குச் சாக்ஸை முழுதாக உருவச் சொன்னார். உருவினேன். அவர் மூக்கைச் சுளித்தார். எனக்கும் அந்த வாடை நாலைந்து நாளாகத் தெரியும், சாக்ஸ் வாடை என்று சோப்பு மாற்றியிருந்தேன்.

குனிந்து என் பெருவிரலுக்கு அடுத்த விரலைப் பிடித்து, மெட்டியை ஒரு பக்கமாக அழுத்தினார். அடியிலிருந்து சீழ் வந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. சுகர் அந்த உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. வீங்கிய விரலுக்குள் மூன்று சுற்றும் புதைந்து, அறுத்து, உள்ளே புண்ணாகி, அதற்கு மேல் வெள்ளியே மூடியாகக் கிடந்திருக்கிறது. தினமும் கண்ணாடி வைத்துப் பார்த்தவள் நான். விரலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன். மெட்டிக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. காலில் போட்டிருக்கிற ஒரு பொருள் அது என்ற எண்ணமே எனக்கு இல்லை. எங்கள் பெண்கள் எவளைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வாள்.

“மதுரையில இதக் கழட்டலயா?”

“கழட்டினாங்க. வீட்டுல வந்து போட்டுக்கிட்டேன்.”

“வீங்குற கால்ல எதுக்கும்மா போட்டீங்க?”

“எதுக்குன்னா? வீட்டுக்காரர் இருக்காருல்ல.”

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாக, “இப்பவே மெட்டிய வெட்டி எடுக்கணும்மா. எலும்புக்குப் போச்சுன்னா விரல் போயிடும். விரலோட நிக்காது” என்றார்.

சின்ன ரம்பம் மாதிரி ஒன்றை வைத்து நர்ஸ் சுற்று சுற்றாக அறுத்தாள். மூன்று சுற்று, அதனால் நேரமாயிற்று. வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இடது கால் மெட்டியை என்ன செய்வது என்று கேட்டாள். அந்தக் காலிலும் லேசாக அடைப்பு இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். “ஒரு காலுக்குப் புருஷன் இருக்கட்டுமே டாக்டர், மறு காலுக்கு இல்லாமப் போகட்டும்” என்றேன். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அறுக்காமலே கழன்று வந்துவிட்டது.

அறுபட்ட வெள்ளியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில் வரும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கென்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. விரல் பிழைத்ததே என்று ஒரு பக்கம் இருந்தது. அவர் அன்றைக்குத் தன் கையால் திருகிப் போட்டதைத்தான் அறுத்துவிட்டார்கள் என்று இன்னொரு பக்கம் இருந்தது. இனிமேல் அவரை யார் உட்காரவைத்து, யாருக்கு என்று சொல்லி, மறுபடி போடச்சொல்வது?

வீட்டுப் பூட்டைத் திறந்து ஹாலுக்குள் நடந்தேன். காலில் மெட்டிச் சத்தம் இல்லை. அவர் பக்கத்தில் போய் நிற்கும்வரை அவருக்குத் தெரியவில்லை. திடுக்கிட்டு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “யாரு? யாரு?” என்றார். “டீச்சர்” என்றேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க அப்படித்தான். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் துள்ளி விழுந்தார். கடைசியில் வரும்போதே இருமிக்கொண்டு வரப் பழகினேன்.

நாத்தனாருக்குப் போனில் சொன்னேன்.  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மஞ்சக் கயிறாச்சும் வெரல்ல சுத்திக்கிறலாமா மதினி?”

“ஈரம் பட்டா அதுவும் அறுக்கும். ஒண்ணும் கூடாதுன்னுட்டாரு.”

“நாந்தான் போடச் சொன்னேன். ஏம் புத்திய எதால அடிக்கிறது?”

“நீ சொல்லாட்டியும் போட்டிருப்பேன். போனை வையி.”

பொய் சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் போட்டிருப்பேன்தான்.

மருந்து கட்டுவதும் மாத்திரை விழுங்குவதுமாக நாட்கள் போயின. புண் அடியிலிருந்து மெல்ல மெல்லச் சிவந்து மேலே வந்தது. சி.ஆர்.பி. இறங்கியது. அடுத்த முறை இன்னும் இறங்கியது. ஒரு நாள் சாயங்காலம் வந்த ரிப்போர்ட்டில் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பாடத்திலும் பாஸ். போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். அவர் பழத்தோலைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். “கால் பொழச்சிருச்சுங்க” என்றேன். “சந்தோசம் டீச்சர்” என்றார். மரியாதைக்குச் சொன்னார்.

நடக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. வலிக்கும்வரை நட, வலித்தால் நில், விட்டதும் நட. அவரையும் கையைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவேன். ஒரு மூலையில் நின்றால் மலைக்கோட்டை தெரியும், மறு மூலையில் தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் நடப்போம். நான் நின்றால் அவரும் நிற்பார். ஏன் நிற்கிறோம் என்று கேட்க மாட்டார். முதலில் நாலு நடைக்கே நின்றுவிட்டவள் இப்போது எத்தனை நடையானாலும் நிற்காமல் போய்த் திரும்புகிறேன். இனி அவர் கேட்டைத் திறந்துகொண்டு போனால் என்னால் பிடித்துவிட முடியும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், கிடைத்துவிட்டது.

அப்படி நிம்மதியாக இருந்த ஒரு சாயங்காலம். விளக்கு வைக்கிற நேரம். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கில் ஈரம் இருக்கக் கூடாது, ஒவ்வொரு விரலாகத் துடைக்க வேண்டும். எதிர் நாற்காலியில் அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி இருந்தார். என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

“டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“உங்க வீட்டுக்காரரு… எப்ப தவறுனாரு?”

துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

“எனக்கு யாருமே சொல்லல டீச்சர். சொல்லியிருந்தா துட்டிக்கு வராம இருப்பேனா? இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு வராம இருந்துட்டேனே. தப்பாப் போச்சு.”

தப்பான விடையைத் திருத்தாமல் விட்டவள் இல்லை நான். உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறார், கண்ணாடியைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. யாருக்காகவோ மெய்யாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் எனக்காக ஒருவர் வருத்தப்பட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

“கொஞ்ச நாளாச்சுங்க” என்றேன்.

“நல்ல மனுசனா?”

“நல்ல மனுசன்தான். கோவம் கொஞ்சம் வரும். கணக்குல புலி.”

“என்ன தொழிலு?”

“உரக்கடை. தாடிக்கொம்பு ரோட்டுல.”

“தாடிக்கொம்பு ரோட்டுலயா?” என்று யோசித்தார். “தெரியாமப் போச்சே. பாத்திருப்பேன்.”

 துட்டி வீட்டில் ஆண்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ அப்படிக் கையைக் கோத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். நான் விளக்குப் போட எழவில்லை. “காப்பி போடவா?” என்று கேட்டேன். கையை அசைத்து வேண்டாம் என்றார். ஒரு நாளும் காப்பியை வேண்டாம் என்று சொன்னவர் இல்லை.

நன்றாக இருட்டியதும் எழுந்தார். வழக்கம்போல ‘வாங்க’ என்று சொல்வதற்காக நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கும்பிடவில்லை. துட்டி கேட்க வந்தவர் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அது அவருக்கு மறக்கவில்லை. தலையைக் குனிந்தபடி, சொல்லிக்கொள்ளாமல், உள்ளே போனார்.